ஒன்பதாவது இலை

ஏப்ரல் 3, வியாழன்

மூன்றாவது முறையாகத் தேர்வு எழுதப்போகிறேன். இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னை இரண்டு முறை தோற்கடித்தவர்கள் வேண்டுமானால் வெட்கப்படட்டும்.

ஐம்பத்தொரு வயதில் மனநல மருத்துவ மேற்படிப்பு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபது வருடம் நாய்க்கடி ஊசி போட்டவனுக்கு அரசாங்கம் பெரிய மனது பண்ணி ஓர் இடம் கொடுத்தது. எத்தனையோ துறை இருக்க ஏன் இது என்று எல்லோரும் கேட்டார்கள். காலியாக இருந்தது இது ஒன்றுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுத்துத் தேர்வில் இரண்டு முறையும் நல்ல மதிப்பெண். செய்முறைத் தேர்வில்தான் கவிழ்த்தார்கள். நோயாளியை ஒரு மணி நேரம் விசாரித்துவிட்டு, தேர்வாளர்கள் முன்னால் வந்து வாயால் சொல்ல வேண்டும். போன முறை மனச்சோர்வு நோய்க்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்லச் சொன்னார்கள். எட்டு சொன்னேன். "ஒன்பதாவது?" என்றார் வெளியூர்த் தேர்வாளர். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே கேட்டார். என்னை அவமானப்படுத்துவதற்கென்றே கேட்டது அது. அந்த மூடி நீலநிறம்.

இந்த முறையும் தோற்றால் இன்னொரு முறை எழுதத் துறை விடாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்ப நாய்க்கடிக்கே போக வேண்டும். ஓய்வு பெறும்வரை.

கூடப் படிப்பவர்கள் இருபத்தெட்டு வயதுக்காரர்கள். அறிகுறிகளின் இங்கிலீஷ் முதலெழுத்துகளைக் கோத்து ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வார்த்தை பண்ணி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் நினைவிருக்கின்றன, எந்த எழுத்து எதற்கு என்பதுதான் இருப்பதில்லை. அதற்காக என் ஞாபக சக்தியை யாரும் குறை சொல்ல முடியாது. பிளஸ் டூவில் என் ரெக்கார்டு நோட்டில் குறுக்கே கோடு போட்ட வாத்தியாரின் சட்டை நிறம் சொல்வேன். பயிற்சிக் காலத்தில் நோயாளிகள் முன்னால் "நீயெல்லாம் டாக்டரா" என்றவரின் கார் நம்பர் சொல்வேன். எனக்குக் கெட்டது செய்தவர் எவரும் என் தலையிலிருந்து தப்பிப் போனதில்லை.

அங்கேதான் ஆரம்பிக்கப்போகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். பிறகு பந்தி போட்டேன். மனதுக்குள்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம் அது. என் மனைவி செண்பகத்தின் தங்கைக்கு. முதல் பந்தி, முதல் வரிசை, கடைசி இலை எனக்கு. உப்பு, இனிப்பு, பச்சடி, கூட்டு எல்லாம் வைத்தாயிற்று. சோறு போட்டு, பருப்பும் நெய்யும் விட்டாயிற்று. கை வைக்கப்போகிறேன். செண்பகத்தின் பெரியப்பா, எனக்குப் பெரியமாமா, பின்னாலிருந்து வந்து என் தோளில் கை போட்டார்.

"மாப்ளே, நீங்க நம்ம வீட்டு ஆளுதானே. அடுத்த பந்தியில உக்காருங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்காங்க பாருங்க."

சோறு போட்ட இலையிலிருந்து எழுந்தேன். யாருக்காக எழுப்பினாரோ அந்த மனிதர் இலையைப் பார்த்தார். இன்னொருவர் முன்னால் வைத்த சோறு என்று வேறு வரிசைக்குப் போய்விட்டார். இலை அப்படியே கிடந்தது. எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

அந்த வரிசையில் யார் எங்கே இருந்தார்கள் என்பது இன்றும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆளிடமும் ஓர் அறிகுறியை ஒப்படைத்துவிட்டேன். முதல் இலையில் மாமனார். மகள் கல்யாணத்திலும் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்: துயரம். அடுத்து மைத்துனன், சாப்பாட்டைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவன்: எதிலும் நாட்டமின்மை. மூன்றாவது, லட்டு இன்னொன்று கேட்ட தாய்மாமா: பசியில் மாற்றம். நான்காவது, இலை முன்னாலேயே தூங்கி விழுந்த கிழவர்: தூக்கம். ஐந்தாவது, காலை ஆட்டி ஆட்டித் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தவர்: உடல் பரபரப்பு அல்லது மந்தம். ஆறாவது, கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்த சித்தி: களைப்பு. ஏழாவது ஆள் உட்காரவில்லை, என் பின்னால் நின்றார். பெரியமாமா. நான் எவ்வளவு பெறுவேன் என்று எடை போட்டவர். தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணத்தை அவரிடம் கொடுத்தேன். எட்டாவது, எனக்கு எதிரே சாம்பார் வாளியோடு நின்ற செண்பகம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டு நின்றாள்: முடிவெடுக்க முடியாமை.

பொருத்திப் பார்த்தால் பிரமாதமாக இருக்கிறது. எந்த இங்கிலீஷ் வார்த்தை இப்படி நிற்கும்?

ஏப்ரல் 8, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் நாளை வருகிறேன் என்கிறான். அவனையும் எங்காவது உட்கார வைக்கலாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

துறைத் தலைவர் ஜெயசீலி எனக்கு மூன்று வருடம் ஜூனியர். ராகிங்கின்போது என் முன்னால் பாட்டுப் பாடியவள். இன்று எனக்குப் பேராசிரியர். அதை மறந்துவிடக் கூடாது என்று என்னை 'சீனியர்' என்றே கூப்பிடுகிறாள்.

வகுப்பில் ஒன்பதையும் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு இலை இலையாகப் போனேன். தயங்காமல் எட்டு. அப்புறம் நின்றுவிட்டது.

"இதை எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க? உதடு அசையுதே."

சொன்னேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வகுப்பு முழுவதும் சிரித்தது. நாகர்கோவில் பையன் ரெக்ஸ்லின், "சார், பாயசம் எந்த நோய்க்கு?" என்றான்.

"உனக்கு வரப்போற நோய்க்கு" என்றேன்.

ஜெயசீலி சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு கூப்பிட்டாள்.

"பந்தி நல்லாத்தான் இருக்கு சீனியர். கடைசி இலையில யாரு?"

"யாருமில்லை."

"அப்ப அதுதான் மறக்குது."

பெரிய கண்டுபிடிப்பு. அவளுக்கு என்ன தெரியும்?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். வேப்பம்பூப் பச்சடி வாயில் இருக்கும்போதே சகலை திரவியம் பத்திரிகையோடு வந்தார். அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை. இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம், ஜூன் எட்டு.

மேனியா என்கிற பித்தெழுச்சி நோய்க்கு நான் பந்தி போடவில்லை. சகலை ஒருவரே போதும் என்று வைத்திருந்தேன். வாய் ஓயாத பேச்சு, தூங்காமல் அலைவது, புதிது புதிதாகத் திட்டம், தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. அவர் எதிரே உட்கார்ந்ததும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இரண்டு கூடத் தேறவில்லை. சர்க்கரை முற்றி ஒரு கால்விரலை எடுத்திருக்கிறார்கள். மெதுவாகப் பேசினார்.

"அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் முதல் நாளே வந்திரணும். மனசுல ஒண்ணும் வச்சுக்கக் கூடாது."

"மனசுல வச்சுக்கிறதுதான் என் வேலையே" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மனிதர்கள் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் ஒருவன் எதை வைத்துப் படிப்பது?

ஏப்ரல் 15, செவ்வாய்

செண்பகம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தனிம அட்டவணையைப் பிள்ளைகளுக்குப் பாட்டாகக் கட்டிக் கொடுப்பவள். என் பந்தியை அவள் கேலி செய்வதில்லை, திருத்தத்தான் பார்க்கிறாள்.

"கல்யாணத்துக்குப் போறோம்தானே?"

"போகலை."

"தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். போகலைன்னா நல்லாவா இருக்கும்?"

"நான் அங்கே போய் அவங்க கையைப் பிடிச்சுச் சிரிச்சேன்னு வை, பந்தி கலைஞ்சிரும். பரீட்சை முடியிற வரைக்கும் என்னால யாரையும் மன்னிக்க முடியாது."

"பரீட்சை மே மாசம் முடியுது. கல்யாணம் ஜூன்ல" என்றாள்.

கணக்கில் எப்போதும் அவள்தான் புலி.

ஏப்ரல் 23, புதன்

ஒன்பதாவது இலையில் யாரையாவது உட்கார வைக்க ஒரு வாரமாகப் போராடுகிறேன். சமையல்காரரை உட்கார வைத்தேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கோயில் யானையைக் கொண்டுவந்தேன். யானை மட்டும் ஞாபகம் இருந்தது, அது எதற்கு வந்தது என்று தெரியவில்லை. நீல மூடிப் பேனாக்காரரை உட்கார வைத்தால் அவர் "ஒன்பதாவது?" என்று என்னையே கேட்கிறார்.

மற்றவர்கள் இருபத்திரண்டு வருடமாக அசையாமல் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

செண்பகம் காலையில் காபியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்லை."

கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில். மோட்டார் சரியாகிவிட்டது.

மே 6, செவ்வாய்

எழுத்துத் தேர்வு முடிந்தது. மனச்சோர்வு நோய் கேள்வியாக வந்தது. ஒன்பதையும் எழுதினேன். கை எழுதிவிடுகிறது. வாய்தான் சொல்வதில்லை.

மே 11, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியாக வேண்டும். வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு செண்பகம் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். கன்னத்தில் கை ஊன்றி, தோற்ற பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எட்டு சொல்லி நின்றேன்.

"சரி, பேரைச் சொல்ல வேண்டாம். நோயாளிகிட்ட எப்படிக் கேப்பீங்களோ அப்படி என்கிட்ட கேளுங்க."

"எதை?"

"ஒன்பதாவதை."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "உங்களுக்குத் தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?"

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"இதுல எங்க கேள்வி இருக்கு? 'இல்லையே'ன்னு கேட்டா எவன் 'இருக்கு'ன்னு சொல்லுவான்? நான் உங்ககிட்ட கேக்கிற மாதிரியே இருக்கு."

"நீ எப்பக் கேட்ட?"

"அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள். ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேன். இல்லைன்னீங்க. எனக்கும் அதுக்கு மேல கேக்கப் பயம். அன்னைலேருந்து அப்படியேதான் கேக்கேன்."

நான் பந்தியைப் பற்றிப் பேசினேன். அன்றைக்கு நீ சாம்பார் வாளியோடு முழித்துக்கொண்டு நின்றாயே, அதை மறந்துவிட்டாயா என்றேன். எட்டாவது இடம் அவளுடையது என்பதை அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். பீரோவிலிருந்து அரக்கு நிறப் பட்டுப்புடவையை எடுத்துவந்து என் முன்னால் விரித்தாள். கொசுவத்திலிருந்து கீழ்வரை மஞ்சளும் பழுப்புமாகக் கறை.

"பரிமாறும்போது சிந்தினதுன்னுதானே நெனச்சீங்க? வாளியைக் கீழ போட்டுட்டு ஓடுனேன். உங்க பின்னாலயே."

"எங்கே?"

"எங்கேன்னு உங்களுக்குத் தெரியும்."

மண்டபத்துக்குப் பின்னால் ரயில் நிலையம். அன்று நான் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். வண்டிகள் போவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் இவள் வந்து, வீட்டுக்குப் போவோம் என்று கூப்பிட்டாள். எனக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான்.

"சாயங்காலம்தான் கூப்பிட்டேன். வந்தது அப்பவே. பின்னாடி தூண்கிட்ட உக்காந்திருந்தேன். கூப்பிட்டாக் கோவம் வரும்னு கூப்பிடலை. வண்டி வரும்போது மட்டும் எந்திரிச்சு உங்க முதுகுக்குப் பின்னால வந்து நின்னுக்குவேன். போனதும் திரும்பப் போய் உக்காந்துக்குவேன். நாலு வண்டி போச்சு. நீங்க ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலை."

"பக்கத்துல வந்து ஏன் நின்ன?"

இதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அவள் புடவையை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மே 12, திங்கள்

படிக்கவில்லை.

மே 13, செவ்வாய்

படிக்கவில்லை. கறிவேப்பிலைத் தொட்டிக்கு மண் மாற்றினேன்.

மே 15, வியாழன்

இருபத்திரண்டு வருடமாக ஒருத்தியைத் தப்பான இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். என் ஞாபக சக்தியை யாரும் குறை சொல்ல முடியாது என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கமாட்டேன், இருக்கட்டும்.

செண்பகத்தை எட்டாவது இடத்திலிருந்து விடுவித்தேன். உடனே எட்டாவது மறந்துபோயிற்று. தேர்வுக்குப் பதிமூன்று நாள் இருக்கும்போது இது வேறு. கடைசியில் அவள் போட்டுவிட்டுப் போன வாளியை நடைபாதையின் நடுவில் கிடத்தினேன். சாம்பார் ஓடிக்கொண்டிருக்கிறது. எடுப்பதா விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. எட்டாவது திரும்ப வந்துவிட்டது.

ஒன்பதாவது இலையை இன்னும் தொடவில்லை.

மே 27, செவ்வாய்

நாளை செய்முறைத் தேர்வு. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். டையின் முடிச்சைச் செண்பகம் மூன்று முறை பிரித்துக் கட்டினாள். "ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

மே 28, புதன்

எனக்குக் கொடுத்த நோயாளி பேருந்து நடத்துநர். பெயர் எழுதமாட்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வாரமாக வார்டில் இருக்கிறார். கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். முன்னேற்றம் உண்டு, தற்கொலை எண்ணம் இல்லை, நாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதியிருந்தது.

பந்தியைப் போட்டேன். ஒவ்வொரு இலையாக நின்று விசாரித்தேன். மனிதர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அலுத்துப்போன குரல்.

"விசில் ஊத மூச்சில்லை சார். இத்தனைக்கும் இருபது வருசம் ஊதுன வாயி."

களைப்பு.

"நெதம் கூவுன ஸ்டாப்பிங் பேரு வாயில வரமாட்டேங்குது. அடுத்து எந்த ஊருன்னு பாசஞ்சர் எனக்குச் சொல்லுதான்."

வாளி.

"என்னால டிரைவருக்கும் கெட்ட பேரு. நான்லாம் எதுக்குச் சார்?"

பெரியமாமா.

எட்டு ஆயிற்று. அடுத்தது அந்த இலை. சோறு, பருப்பு, நெய். ஆவிகூட அடங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் அதற்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று போய் உட்கார்ந்தேன். என் இலைதானே. எவனைக் கேட்க வேண்டும்? முதுகுக்குப் பின்னால் ஒருத்தி வந்து நிற்பது தெரிந்தது.

"அண்ணாச்சி, போதும், போயிரலாம்னு எத்தனை தடவை தோணிச்சு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நேத்து காலையிலகூட" என்றார்.

"இங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியே."

"கேட்டதா எழுதியிருக்கே. இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

"'அந்த மாதிரி எண்ணம் ஒண்ணும் இல்லையே'ன்னு கேட்டாக. அவுகளே இல்லைன்னு முடிச்சிட்டாக. நான் எதுக்கு மறுத்துப் பேசணும்?"

வீட்டுக்குப் போனதும் என்ன செய்வது என்பதுவரை அவர் முடிவு செய்து வைத்திருந்தார். அதை எழுதவில்லை. மணி அடித்தது. என்னை அழைத்துப்போக வந்த பயிற்சி மருத்துவர், "சார், நேரமாச்சு, எக்ஸாமினர் கூப்பிடுதாங்க" என்றார். நர்ஸைக் கூட்டிவரச் சொன்னேன். முதலில் நீங்கள் வாருங்கள் என்றார். நர்ஸ் வந்து பக்கத்தில் உட்காரும்வரை இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கமாட்டேன் என்றேன். நர்ஸ் வந்ததும், நடத்துநரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேர்வு எழுத வந்தவனுக்கு அந்த உரிமை கிடையாது. போட்டேன்.

தேர்வறையில் நான்கு பேர். ஜெயசீலி ஓரத்தில் இருந்தாள். நடுவில் வெளியூர்க்காரர், இந்த முறை வேறு ஆள்.

"லேட் ஆயிட்டீங்க டாக்டர். உங்க டைம் முடிஞ்சிருச்சு."

"நோயாளிக்கு முடியலை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்பதையும் சொல்லுங்க."

ஒன்பதாவதிலிருந்து ஆரம்பித்தேன். மரணம், தற்கொலை பற்றிய எண்ணம். வாய் நிற்கவில்லை. அங்கிருந்து பின்னால் நடந்து மாமனார்வரை போனேன்.

"ஏன் தலைகீழா?"

"இன்னைக்கு அதுதான் சார் முதல்ல."

"ஷீட்ல இல்லைன்னு போட்டிருக்கே?"

"ஷீட் தப்பு சார். கேள்வியே தப்பு. நாம எல்லாரும் 'இல்லையே'ன்னுதான் கேக்கிறோம். நமக்குப் பதில் பயமா இருக்கு. அதனால பதிலையும் சேர்த்துக் கேட்டுடுறோம்."

அந்த ஷீட் ஜெயசீலியின் யூனிட்டுடையது. அவள் முன்னாலேயே சொன்னேன். பின்னால் சொல்வது என் வழக்கமில்லை. அவள் முகம் சிவந்தது. எழுந்து, "ஒரு நிமிஷம் சார்" என்று வெளியூர்க்காரரிடம் சொல்லிவிட்டு வார்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். தேர்வாளர் பாதித் தேர்வில் எழுந்து போவதை நான் பார்த்ததில்லை.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்றார் வெளியூர்க்காரர்.

"ஒரு கல்யாணப் பந்தியில சார்."

அவர் எதையோ எழுதினார். பேனாவுக்கு மூடியே இல்லை. தோற்கடித்தால் தோற்கடிக்கட்டும்.

மே 29, வியாழன்

நடந்ததையெல்லாம் செண்பகத்திடம் சொன்னேன். நடத்துநரிடம் கேட்ட கேள்வியையும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அதே மாதிரி நான் கேக்கட்டுமா?"

"கேளு."

கேட்டாள். அதே வார்த்தைகள். 'அண்ணாச்சி' மட்டும் இல்லை.

பதில் சொன்னேன். அது இங்கே தேவையில்லை. கீரை முழுவதையும் இரண்டு பேருமாக உருவி முடித்தோம்.

ஜூன் 2, திங்கள்

நடத்துநர் வார்டிலேயே இருக்கிறார். இன்று என்னைப் பார்த்ததும், "சார், அடுத்த ஸ்டாப்பிங் எது?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். கேலி செய்யத் தெம்பு வந்திருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போனோம். மன்னிக்கப் போகவில்லை என்பதைப் புறப்படும்போதே செண்பகத்திடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"யாரு உங்களை மன்னிக்கச் சொன்னா? சாப்பிட வாங்க" என்றாள். அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். கறை தெரியத்தான் கட்டியிருந்தாள்.

வாசலில் பெரியமாமாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிவிட்டார். எதிரே போய் நின்றேன். இதற்காக எத்தனையோ வாக்கியங்கள் வைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி யாரு? மாப்பிள்ளை வீடா?" என்றார்.

அவருக்கு நான் நினைவில் இல்லை. யாருமே நினைவில் இல்லையாம், மகன் சொன்னான். எனக்குத் துரோகம் செய்தவர்களில் இவர் ஒருவர்தான் தப்பித்துவிட்டார். மறதி நோய்க்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன், அங்கே போட்டுக்கொள்ளலாம்.

"ஆமா, மாப்பிள்ளை வீடு" என்றேன்.

"அப்ப முதல் பந்தியில உக்காருங்க" என்றார்.

முதல் பந்தி, முதல் வரிசை. இந்த முறை செண்பகம் பரிமாறவில்லை. என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். சாம்பார் வரும்போது என் போன் அதிர்ந்தது. ஜெயசீலி. சாப்பிடும்போது நான் யாருக்காகவும் எழுந்திருப்பதில்லை. செண்பகம் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க மேடம்... சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க... எந்திரிக்கமாட்டாங்க... சரி மேடம், சொல்லிருதேன்."

போனை வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

"என்னவாம்?"

"இனி நாய்க்கடி ஊசி கிடையாதாம்." அப்பளத்தை நொறுக்கினாள். "ஆனா நீங்க பரீட்சைல மணி அடிச்சும் எந்திரிக்கலைன்னு வெளியூர்க்காரர் மார்க் குறைச்சிட்டாராம். ஜெயசீலி மேடம் அவரோட சண்டை போட்டாங்களாம்."

ஜெயசீலியை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். இப்படி ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டால் அடுத்து எதைப் படிப்பது?

பாயசம் வந்தது. மோர் வந்தது. வரிசையில் எல்லோரும் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். என் தோளுக்குப் பின்னாலும் ஒருவர் நின்றார், மூச்சு கேட்டது. மேசைத் தாளைச் சுருட்டுகிறவன் வந்து, "சார், முடிஞ்சிருச்சா?" என்றான்.

நான் இலையை மடிக்கவில்லை. மடித்தால் எழுந்திருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். செண்பகமும் மடிக்கவில்லை.